குட்டிக்கு உடம்பு சரியில்லை: இன்றே போகணுமா, நாளைக்குப் பார்க்கலாமா?

டாக்டரம்மா பதில்கள்

(விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பது வாரமான ராஜபாளையம் குட்டி இருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தது. காலையில் சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. பேதியும் லேசாக இருக்கிறது. 'நாய் புல்லைத் தின்று தானே சரியாகிக்கொள்ளும், நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறார் வீட்டுக்காரர். ஓமத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் அத்தை. மருத்துவமனை 22 கிலோமீட்டர், ஆட்டோ வைத்துத்தான் போக வேண்டும். சும்மா சும்மா ஓடவும் முடியாது, அப்படியே விடவும் மனசில்லை. எதை வைத்து முடிவு செய்வது?
வாசகி, சிவகிரி

பதில்: கடிதத்தின் அடியில் போன் நம்பர் இருந்ததால் கையில் கிடைத்த அன்றே கூப்பிட்டுவிட்டேன். நல்லவேளை, கடிதத்தைத் தபாலில் போட்ட அன்று சாயங்காலமே நீங்கள் ஆட்டோ பிடித்துவிட்டீர்கள். வந்திருந்தது பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ் நோய். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி, ஆறாம் நாள் காலையில் குட்டி தானாக எழுந்து வந்து தண்ணீர் குடித்ததைச் சொல்லும்போது உங்களுக்குப் பேச்சே வரவில்லை. உங்களுக்கு இனி இந்தப் பதில் வேண்டியதில்லை. ஆனால் இதே கேள்வியோடு யாராவது ஒருவர் இன்று ராத்திரி விழித்திருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

யார் போன் செய்தாலும் முதலில் வாந்தியைப் பற்றித்தான் விவரமாகச் சொல்வார்கள். நான் அதை நிறுத்திவிட்டு இரண்டு கேள்வி கேட்பேன். குட்டிக்கு எத்தனை வாரம்? எத்தனை ஊசி போட்டிருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் வந்தாலே பாதி முடிவு வந்துவிடும். மூன்று வயது நாய் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் நானே 'பொறுத்துப் பாருங்கள்' என்றுதான் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற அந்த 'நாளைக்குப் பார்க்கலாம்' பெரிய நாய்க்குப் பொருந்தும். ஒன்பது வாரக் குட்டியின் கணக்கு வேறு.

கணக்கு என்றே சொல்கிறேன், போட்டுப் பாருங்கள். குட்டியின் எடை மூன்று கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் உடம்பிலிருந்து 150 மில்லி தண்ணீர் வெளியே போனால் வாய் காய்ந்து, கண் மங்கி, தளர்ச்சி வெளியே தெரிய ஆரம்பிக்கும். 300 மில்லி போனால் உயிர் ஊசலாடும். 300 மில்லி என்பது நாம் காபி குடிக்கிற டம்ளரில் இரண்டு. நான்கு வாந்தி, ஐந்து பேதியில் அது போய்விடும். அதோடு, குட்டியின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பும் குறைவு. அரை நாள் வயிறு காலியாக இருந்தாலே சின்னச் சாதிக் குட்டிகளுக்குச் சர்க்கரை இறங்கித் தள்ளாட ஆரம்பித்துவிடும். அப்படித் தள்ளாடினால் துளி தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ பல் ஈறில் தடவிவிட்டு வண்டியில் ஏறுங்கள். தடவிவிட்டோம், எழுந்துவிட்டது என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஊசி. 'ஊசி போட்டாச்சு என்று குட்டி கொடுத்தவர் சொன்னார்' என்பது எனக்குக் கணக்கே கிடையாது. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் தேதியும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ஊசி போட்டிருந்தாலும் பாதுகாப்பு முழுமையாக வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தாயின் சீம்பாலில் குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் உடம்பில் இருக்கும். அது இருக்கும்வரை நாம் போடுகிற ஊசியையும் அதுவே அடித்துப் போட்டுவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். காசுக்காக என்று சிலர் நினைக்கிறார்கள்.

'எங்கள் தாத்தா நாய்க்கு ஊசியா போட்டார்?' என்று கேட்காத ஊர் கிடையாது. தாத்தா காலத்தில் இந்த நோயே இல்லை ஐயா. பார்வோ 1978 வாக்கில்தான் உலகத்திலேயே தலைகாட்டியது. நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த 1980களில் எங்கள் ஆசிரியர்களே அதைப் புது நோய் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, குட்டியிடம் வருவோம். முதலில் வாலைப் பாருங்கள். தினமும் எந்தச் சத்தத்துக்கு ஓடி வருமோ அந்தச் சத்தத்தைப் போடுங்கள்: சோற்றுத் தட்டு, வாசல் கேட், வண்டிச் சாவி, எதுவாக இருந்தாலும். படுத்தபடியே வாலையாவது ஒரு தட்டு தட்டினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துக்கொண்டால் கவலை. தலையே தூக்கவில்லை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அடுத்தது ஈறு. மேலுதட்டைத் தூக்கிக் கோரைப் பல்லுக்கு மேலே பாருங்கள். நல்ல குட்டிக்கு ஈறு ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு எண்ணுவதற்குள் பழைய நிறம் திரும்பிவிடும். திரும்பத் தாமதமானாலோ, ஈறு பசை மாதிரி விரலில் ஒட்டினாலோ உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, அல்லது அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ராஜபாளையம் குட்டிக்கு மூக்கே இளஞ்சிவப்பு, ஈறும் அப்படி, பார்க்கச் சுலபம். நம் நாட்டு நாய்கள் சிலவற்றுக்கு ஈறு முழுக்கக் கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். இதை உடம்பு நன்றாக இருக்கிற நாளில் ஒரு தடவை செய்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். குட்டிக்கும் பழகும், உங்களுக்கும் அதன் சாதாரண நிறம் மனசில் பதியும். பிடரித் தோலைத் தூக்கி விட்டுப் பார்க்கிற வழக்கமும் உண்டு. ஆனால் கொழுத்த குட்டியிடமும் நோஞ்சான் குட்டியிடமும் அது ஏமாற்றும். நான் ஈற்றைத்தான் நம்புவேன்.

அப்புறம் பேதி. மஞ்சளாக, கூழாக, ஒன்றிரண்டு தடவை போய்விட்டுக் குட்டி விளையாடுகிறது என்றால் பயமில்லை. தக்காளி ரசம் மாதிரி சிவந்து தண்ணீராக, பெருநாற்றத்தோடு போனால் பயம். அந்த வாடையை எழுத்தில் சொல்ல வரவில்லை. ரத்தத்தின் இரும்பு வாடையும் அழுகலும் கலந்த ஒன்று. மருந்தகத் திண்ணையில் பையைத் திறக்கும் முன்பே உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் பார்வோவும் ரத்தத்தோடு தொடங்காது. முதல் நாள் வெறும் மந்தமும் சோறு வேண்டாம் என்பதும்தான். ரத்தம் வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருந்தவர்கள் பலர்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். ஒரே ஒரு வாந்தி, அதுவும் தின்ற சோறு, எடுத்த பிறகு பழையபடி செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது: வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒரு கைப்பிடி குழைந்த சோறு கொடுத்துப் பாருங்கள். அது தங்கினால் சரி. வாந்தியோடு பேதியும், அல்லது வாந்தியோடு மந்தமும் சேர்ந்தால், அதாவது இரண்டு குறி சேர்ந்தால், அன்றைக்கே போக வேண்டும். சாயங்காலம் என்றால் சாயங்காலமே. தண்ணீர் குடித்தாலும் வெளியே வருகிறது, ரத்தம் தெரிகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, இழுப்பு வந்தது, வயிறு தம்பட்டம் மாதிரி உப்பியிருக்கிறது, எதையோ விழுங்கிவிட்டது என்று சந்தேகம்: இவற்றில் ஒன்று இருந்தால்கூட மணி பார்க்கக் கூடாது. கண் திறக்காத குட்டி குளிர்ந்துபோய் ஓயாமல் கத்தினாலும் அப்படித்தான்.

இவ்வளவு சொல்கிற நானே தவறவிட்டிருக்கிறேன். 1994இல் வீட்டில் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வளர்த்தோம். என் டிவிஎஸ் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கேட்டுக்கு வந்து நிற்கும். ஒரு சித்திரை மாதம், ஒரு கிராமத்தில் கன்று குறுக்கே சிக்கிக்கொண்ட பசுவோடு நாலு மணி நேரம் போராடிவிட்டு இருட்டிய பிறகு திரும்பினேன். குட்டி கேட்டுக்கு வரவில்லை. துவைக்கிற கல்லடியில் படுத்திருந்தது. வெயில் அசதி என்று நினைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு நுரையாக ஒரு வாந்தி. 'காலையில பார்த்துக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் படுத்தது சாட்சாத் டாக்டரான நான்தான். விடியும்போது ஈறு சுண்ணாம்பாக இருந்தது. ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. பத்து மணிக்குப் போய்விட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் இரண்டாவது ஊசி போடுவதாக இருந்தேன்.

போகும்போது சில காரியங்கள். முதலில் போன் செய்து டாக்டர் இருக்கிறாரா, குளுக்கோஸ் ஏற்ற வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கிராமத்து மருந்தகத்தில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி டவுனுக்கு ஓடுவது குட்டிக்குத் தாங்காது. பக்கத்தில் கால்நடைப் பன்முக மருத்துவமனையோ, திருநெல்வேலி ராமையன்பட்டி, நாமக்கல், ஒரத்தநாடு, வேப்பேரி மாதிரி கால்நடை மருத்துவக் கல்லூரியோ இருந்தால் நேரே அங்கே போய்விடுங்கள். கூடையில் பழைய துண்டைப் போட்டு, அதிலேயே குட்டியை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைத் தரையில் இறக்கிவிடாதீர்கள். உங்கள் குட்டிக்குப் பார்வோ என்றால் மற்றக் குட்டிகளுக்குப் பரவும், இல்லை என்றால் அங்கிருந்து உங்களுடையதற்கு ஒட்டும். பேதியைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள், நாங்கள் அதைத்தான் முதலில் கேட்போம். இழுப்போ இருமலோ இருந்தால் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். டாக்டர் மேஜைமேல் ஏற்றியதும் குட்டி ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கும்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ஓமத் தண்ணீர் விஷமில்லை. ஆனால் வாந்தி எடுக்கிற குட்டியின் வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாயில் இறங்கலாம். வாந்திக்குத் தூக்கி வந்து நிமோனியாவில் போன குட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு மாத லேப் குட்டி. தினம் மூன்று வேளை பசும்பால் கொடுக்கிறோம். பேதி நிற்கவே இல்லை. ஆனால் ஓட்டமும் ஆட்டமும் குறையவில்லை, எடையும் கூடுகிறது. டாக்டரிடம் போகணுமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: பாலை நிறுத்துங்கள். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பாலில் இருக்கிற சர்க்கரை செரிக்காது, பேதியாகத்தான் போகும். மூன்று நாள் குழைந்த சோறும் தோல் இல்லாத கோழிக்கறி வேகவைத்ததும், உப்பு காரம் இல்லாமல், நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நிற்காவிட்டால் பேதியை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதியுங்கள். பூச்சியாக இருக்கலாம். சில பூச்சிகள் தாய் வயிற்றிலிருந்தும், சில தாய்ப்பால் வழியாகவும் வருகிறவை. ஆகவே 'மண்ணில் விடவே இல்லை, பூச்சி எப்படி வரும்' என்று கேட்காதீர்கள். இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்தை ஆரம்பித்திருக்க வேண்டும். இடியாப்பம் மாதிரி சுருண்டு வந்தால் உருண்டைப் புழு. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்து ரத்தம் குடிப்பது கொக்கிப் புழு. அதுதான் மோசம். மேலே ஈற்றைப் பற்றி எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சலா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். மூக்கை விடுங்கள், 200 ரூபாய்க்குள் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, 'நாய்' என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு அங்குலம். நாய்க்குச் சாதாரணச் சூடே 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் அது காய்ச்சல், அதற்கு அது ஆரோக்கியம். விளையாடி முடித்த கையோடு பார்த்தால் கூடக் காட்டும், அரை மணி விட்டுப் பாருங்கள். 103ஐத் தாண்டி நின்றால் அன்றே காட்டுங்கள். 104க்கு மேல் போனால் உடனே. 99க்குக் கீழே இறங்கினாலும் உடனே. சூடு ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் குளிர்ந்து போவதைப் பார்த்து 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். கையும் காதும் சில்லென்று ஆகிற குட்டிதான் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி: நான்கு மாதக் குட்டி, ஆறு கிலோ. காய்ச்சல் மாதிரி தெரிந்ததால் நாங்கள் போடும் பாராசிட்டமால் 650இல் பாதி கொடுத்தேன். தப்பா அம்மா?
வாசகர், சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து

பதில்: தப்புதான் தம்பி. பாதி என்றால் 325 மில்லிகிராம். ஆறு கிலோக் குட்டிக்கு அது கிலோவுக்கு ஐம்பதைத் தாண்டிய அளவு. நாங்கள் கொடுத்தால்கூட அதில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்க யோசிப்போம். இன்னொரு தடவை கொடுத்துவிடாதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கொடுத்த நேரத்தையும் எடையையும் சொல்லுங்கள். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறினால், முகம் வீங்கினால், சிறுநீர் கருத்தால், கண் மஞ்சளானால் ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது. வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று உப்புக் கரைசல் புகட்டாதீர்கள், உப்பே குட்டியை முடித்துவிடும். வீட்டில் பூனையும் இருந்தால் இந்த மாத்திரையின் துணுக்குகூட அதன் பக்கம் போகக் கூடாது. உடம்பு வலிக்கு நாம் போடுகிற ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்கு இன்னும் மோசம், வயிறு புண்ணாகிச் சிறுநீரகமும் போய்விடும்.

காய்ச்சல் எதனால் என்று பார்க்க வேண்டாமா? காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உண்ணியிலிருந்து ரத்தத்துக்குள் போகிற கிருமிக் காய்ச்சல் நம் ஊரில் சர்வசாதாரணம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும். மாத்திரையால் சூட்டை மட்டும் இறக்கி வைத்தீர்கள் என்றால் ஒரு வாரம் வீணாகும்.

கேள்வி: உண்ணி அதிகமாக இருந்தது. மாட்டுக்கு வாங்கிய மருந்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு மாதக் குட்டியைக் குளிப்பாட்டினேன். தள்ளாடுகிறது, எழுப்பினாலும் எழவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது.
வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஆசிரியர் குழுவினர் உங்களைப் போனில் பிடிப்பதற்குள் டாக்டரிடம் போய்விட்டீர்கள் என்று அறிந்தேன், நல்லது. மற்றவர்களுக்காக: மாட்டு மருந்தின் அளவு மாட்டுக்குத்தான். மூன்று நான்கு மாதம் ஆகாத குட்டிக்கு நாய் மருந்திலேயே பல ஆகாது. இப்படி நேர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்பூவும் போட்டு மருந்தைக் கழுவிவிடுங்கள். துடைத்துக் கம்பளியில் சுற்றுங்கள். குப்பியை, குப்பி தீர்ந்திருந்தால் லேபிளையாவது, கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் மாற்று மருந்து போட முடியும். சிலவற்றுக்கு நல்ல மாற்று மருந்து இருக்கிறது. இரண்டு மாதக் குட்டிக்கு உண்ணி எடுக்க எண்ணெய் தொட்ட சீப்பும் உங்கள் பொறுமையும் போதும்.

கேள்வி: தெருவில் கிடந்த மூன்று மாதக் குட்டியைப் பத்து நாள் முன்பு எடுத்து வந்தோம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வாய் திறந்தபடி எச்சில் வடிகிறது, குரைப்பு கரகரவென்று மாறிவிட்டது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று பையன் கையை விட்டுப் பார்த்தான், லேசாகப் பல் பட்டுவிட்டது. எங்கே காட்டுவது?
வாசகி, நாகர்கோவில் அருகில்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அன்றே உங்களிடம் பேசியாகிவிட்டது. பையன் ஊசிகளை முறையாகப் போட்டுக்கொண்டிருக்கிறான், குட்டி மூன்றாம் நாள் இறந்துவிட்டது. இதை அச்சில் போடச் சொன்னதற்கு உங்களுக்கு என் நன்றி.

இங்கே முதலில் டாக்டரிடம் போக வேண்டியது பையன், குட்டி இரண்டாவது. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறி, விழுங்க முடியாமல் இருக்கிற குட்டியை, வேறு காரணம் நிரூபணம் ஆகும்வரை வெறிநோய் என்றே நினைக்க வேண்டும். 'சின்னக் குட்டிதானே, குட்டிக்கு எங்கே வெறி வரும்' என்பது எங்கள் துறையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாக்கியம். தாயோ வேறு நாயோ கடித்திருந்தால் குட்டிக்கும் வரும். எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடுவதும் ஊருக்கு ஊர் நடக்கிறது. எலும்பு சிக்கிய குட்டி பொதுவாகக் காலால் வாயை ஓயாமல் பிறாண்டும். வெறி கண்ட குட்டி பெரும்பாலும் வாயைத் தொங்கப்போட்டு நிற்கும். ஆனாலும் இந்த வித்தியாசத்தை வீட்டில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

பல் பட்டால், கீறினால், புண்ணில் எச்சில் பட்டால்: குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் ரொம்ப நீளம். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு, கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 'பத்து நாள் நாயைப் பார்ப்போம், அது செத்தால் ஊசி போடலாம்' என்று காத்திருக்காதீர்கள். முதல் ஊசி இன்று, பார்ப்பது அதற்குப் பிறகு. அந்தக் குட்டியின் எச்சில் பட்ட எல்லோரும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், தட்டுக் கழுவிய பாட்டி உட்பட.

குட்டியைத் தொடாமல் ஒரு அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அங்கே வரவழையுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிப் போகிற விஷயமில்லை இது.

கேள்வி: போன மாதம் எங்கள் குட்டி பார்வோவில் இறந்துவிட்டது. வீட்டை இரண்டு தடவை பினாயில் போட்டுக் கழுவினோம். புதுக் குட்டி எப்போது கொண்டு வரலாம்? அதன் தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது, வைத்துக்கொள்ளலாமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் இந்த வைரஸ் சாகாது. வாசனைதான் வரும். தரையில் அழுக்கைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடையில் விற்கிற பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். மொசைக், சிமென்ட் தரைக்கு இது சரி. கொல்லை மண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம்வரைகூட அது உயிரோடு இருக்கும். வெயில் விழுகிற இடத்தில் சீக்கிரம் தீரும். உங்கள் கடிதத்தில் கொல்லையில் மாமரம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் அடி முழுக்க நிழல்தான். அதனால் அடுத்த குட்டியைச் சின்னதாக வாங்காமல், பதினாறு வாரம் தாண்டி எல்லா ஊசியும் முடிந்ததாக, அட்டையைப் பார்த்து வாங்குங்கள். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

படுக்கைத் துணி, கயிறு, மரப் பொம்மை எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். தட்டு எவர்சில்வர்தானே? அதே பிளீச் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். வைத்துக்கொள்ளலாம்.